அப்பாவுக்கும் ஒரு ஹைம், நாய்க்கும் ஒரு ஹைம்



இந்த முறை வாடகையைப் பற்றி எழுதுறதாச் சொல்லியிருந்தன். அதுக்குப் பதிலா ஒரு நாயைப் பற்றி எழுதுறன். சிரிக்கிறவை சிரியுங்கோ.

பானில், டன்னன்புஷில் இரண்டறை வீட்டில் நானும் அம்மாவும் இருக்கிறம். எட்டு மாதமா நாய் ஒன்றைத் தத்தெடுக்கத் திரிகிறேன். விண்ணப்பித்த முதல் இரண்டு இடங்களும் பதிலே போடவில்லை. மூன்றாவது இடத்தில், ருமேனியத் தெருவிலிருந்து கொண்டுவந்த ஒரு மண்ணிறப் பெட்டைக்கு எழுதிப் போட்டேன். ஆறு பக்கப் படிவம். வீடு எத்தனை சதுர மீட்டர், தோட்டம் இருக்கா, நாய் எத்தனை மணித்தியாலம் தனிய நிக்கும், வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் எங்கே. வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனையை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்கிற பிரிவு செல்லாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சிலேயே தீர்ப்புச் சொல்லியாச்சு. ஒவ்வொரு வீட்டு நிலைமையையும் தனித்தனியாப் பார்க்கவேணும். ஆனால் படிவத்துக்குத் தீர்ப்பு காணாது, கடிதம் வேணும். கடிதம் வர ஏழு கிழமை.

பிறகு வீடு பார்க்க ஒரு பெண்மணி வந்தா. அம்மா ரோல்ஸ் பொரிச்சு வச்சிருந்தவ. நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை, அம்மா முழுநாளும் வீட்டில், நாய் தனிய நிக்காது என்று விளக்கினேன். அவ அம்மாவைப் பார்க்காமல் என்னட்டக் கேட்டா: "இவவுக்கு டொச் விளங்குமோ? உங்கட கலாச்சாரத்தில நாயை அசுத்தம் எண்டு நினைக்கிறவையோ?" நாலு நாளில் இரண்டு வரி மின்னஞ்சல். வேறு பொருத்தமான இடம் தேடுகினமாம். காரணம் இல்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவைக்கு இல்லை.

கவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொரோனா நேரம் ஆசைக்கு வாங்கின நாய்களைப் பிறகு எத்தனை பேர் டியர்ஹைமில் கொண்டுபோய் விட்டவை! அங்கே சம்பளமில்லாமல் கூடு கழுவுகிறவர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் கையில் காசிருந்தால் இணைய விளம்பரம் பார்த்து நாளைக்கே ஒரு குட்டி வாங்கலாம். தோட்டத்தை ஒருத்தரும் அளக்க வரமாட்டினம். காசு குடுக்கிறவருக்குக் கேள்வியில்லை, கேட்டு நிக்கிறவருக்குச் சோதனை. ஜொப்சென்டரில் வரிசையில் நிண்ட எல்லாருக்கும் இது தெரியும்.

அப்பா 1984 இல் கிழக்கு பெர்லின் வழியா வந்து ஆசூல்ஹைமில் இருந்தவர். மாவட்ட எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேணும். அறைக்குள் யார் வேணுமெண்டாலும் வந்து பார்க்கலாம். அந்தப் பெண்மணி எங்கட குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தபோது அம்மாவின் முகத்தில் நான் கண்டது அந்தக் காலத்தை. நாய்க்காக வந்தவ, சோதித்தது எங்களை.

இன்னொன்று. அந்த நாயின் விபரத்தில் "பரியாஹுண்ட் கலப்பு" என்று இருந்தது. பறையர் என்ற பெயரை ஆங்கிலேயர் எடுத்து, தெருநாய்க்கு வச்சு, அது ஜெர்மன் மொழிக்கும் வந்து சேர்ந்திருக்கு. அந்தச் சொல்லைக் கோப்பில் வச்சுக்கொண்டு எங்கட கலாச்சாரத்தைக் கேட்கினம் என்று கோபம் வந்தது. ஆனால் "பறநாய்" என்ற ஏச்சை நான் முதலில் கேட்டது ஜெர்மன்காரரிட்ட இல்லை, எங்கட கொண்டாட்ட மண்டபத்தில். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று சுத்த இனப் பெருமை பேசுகிற எங்கட பெடியளும் இதை யோசிக்கவேணும்.

எங்கட அடுத்த வாடகையாளர் கூட்டத்தில் நான் வைக்கப்போற கோரிக்கை சின்னது: மறுத்தால் எழுத்தில் காரணம், சதுர மீட்டருக்குப் பதிலா நாயோடு இரண்டு கிழமை பழகிப் பார்க்க ஒரு வாய்ப்பு. இப்படி அனுபவம் உள்ளவை எழுதுங்கோ.

அந்தப் பெட்டையின் படம் இன்னும் பக்கத்தில் இருக்கு. அம்மா இரவு வேலை முடிஞ்சு வாற என்னட்ட முதல் கேக்கிறதே, "அதுக்கு ஆள் கிடைச்சிட்டுதோ?"