கொடுக்காமல் எதிர்க்க ஏலாது



இந்த முறை ஒரு வாக்குமூலத்தோடு தொடங்குகிறேன். காசு கொடுத்து பிளாஸ்மா எடுக்கிற கம்பனிக்கு எதிரான மனுவை உங்களில் கனபேருக்கு அனுப்பியது நான்தான். கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு தரம் நினைவூட்டியதும் நான்தான். ஆனால் அந்த நாள் வரைக்கும் நான் ஒருக்காலும் இரத்தம் கொடுத்ததில்லை.

அதைப் பிடித்தது என்ர மாமா. அப்போது அவருக்கு டயாலிசிஸ். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். கூட இருந்து பொழுதுபோக்கப் போன நான் மனுவைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லது தம்பி. நீ எத்தனை தரம் குடுத்தனி?"

என்னிடம் பதில் இருக்கேல்ல.

மனுவில் பிழை இல்லை. 1980களில் கனடாவின் இரத்த அமைப்பு என்ன செய்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. சரியாகப் பரிசோதிக்காத இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. வந்தது; பல்லாயிரம் பேருக்கு ஹெபடைட்டிஸ் சி வந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா சிறைகளில் கைதிகளிடம் எடுத்த பிளாஸ்மாகூட இங்கே வந்து சேர்ந்தது. 1997இல் வெளியான கிரேவர் ஆணைக்குழு அறிக்கை, கொடுப்பவருக்குக் காசு கொடுக்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2014இல் ஒன்ராறியோ அதைச் சட்டமாக்கியது. ஆனால் 2022இல் கனேடிய இரத்த சேவையே ஸ்பெயின் நாட்டு கிரிஃபோல்ஸ் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தது. காசு கொடுத்து பிளாஸ்மா எடுக்கும் நிலையங்களுக்கு அந்த ஒப்பந்தம் வழி திறந்துவிட்டது.

இதை எதிர்க்கத்தான் வேண்டும். காசுக்கு பிளாஸ்மா கொடுக்க வரிசையில் நிற்பவர் ஆர்? வாடகை கட்ட வழியில்லாதவர், புதிதாக வந்தவர், மாணவர். வேலையிடத்தில் உழைப்பை விற்றது போதாமல், நரம்பில் ஓடுவதையும் விற்கச் சொல்கிறார்கள்.

ஆனால் மாமாவின் கேள்வி அங்கேயே நிற்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்து பிளாஸ்மாவில் இருந்துதான் வரும். கனடா பாவிக்கும் அந்த மருந்தில் பெரும்பகுதி, அமெரிக்காவில் காசு வாங்கிக் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவில் செய்யப்பட்டது. நாங்கள் கொடுக்காமல் விட்ட இடத்துக்குள்தான் சந்தை வந்து குந்தியிருக்கிறது. "விற்காதே" என்று சொல்பவர்கள் "நான் தாறன்" என்றும் சொல்லவேணும்.

உறுப்புகளிலும் இதே கதைதான். மாமியின் சிறுநீரகம் மாமாவுக்குப் பொருந்தவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் நீரிழிவு தொடங்கியிருந்தது. தெற்காசியர்களான எங்களுக்குள் நீரிழிவு கூட. அதனால் சிறுநீரகம் பழுதாகிறவர்களும் கூட. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு சொந்தக்காரர் மெல்லச் சொன்னார்: "இந்தியாவில காசு குடுத்தால் எடுக்கலாமாம்." ஒருத்தரும் திடுக்கிடேல்ல. எவ்வளவு வரும் என்றுதான் ஒருவர் கேட்டார்.

அது எங்கே போய் முடியும் என்பது தெரிந்த கதை. ஒரு காலத்தில் சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வந்தது. அங்கே கடன் அடைக்க ஏழைகள் சிறுநீரகத்தை விற்றார்கள். 1994இல் இந்தியா சட்டம் போட்டு உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது; அதற்குப் பிறகும் களவாக நடந்தது. சுனாமியில் எல்லாம் இழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவக் குடும்பங்களிலும் சிறுநீரகம் விற்ற பெண்கள் இருந்தார்கள்.

மாமா வேண்டாம் என்றார். "ஆரோ ஒரு ஏழைப் பிள்ளையின்ர வயித்தைக் கிழிச்சு நான் இருக்கத் தேவையில்லை." எல்லோரும் தலையாட்டினோம். அந்த மேசையில் இருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட உறுப்புக்கொடைக்குப் பதிந்திருக்கவில்லை. அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இது தரும காரியம், அரசியல் இல்லை. அரசு பார்க்கவேண்டியது" என்று சில தோழர்கள் சொல்வார்கள். அரசு ஆஸ்பத்திரி கட்டலாம், மெஷின் வாங்கலாம். இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய ஏலாது. ஒரு மனிதர் தந்தால்தான் இன்னொரு மனிதருக்குக் கிடைக்கும்.

நோர்மன் பெத்யூனுக்கு இது விளங்கியிருந்தது. ஒன்ராறியோவில் பிறந்த இந்தக் கம்யூனிஸ்ட் டொக்டர் 1936இல் பாசிசத்தை எதிர்க்க ஸ்பெயினுக்குப் போனார். மட்ரிட் மக்கள் கொடுத்த இரத்தத்தைப் போத்தல்களில் குளிரவைத்து, வாகனத்தில் போர்முனைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸ்காபரோவில் அவர் பெயரில் ஒரு ஹைஸ்கூல் இருக்கிறது. எங்கட பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

இரத்தம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2009இல் வன்னியின் தற்காலிக ஆஸ்பத்திரிகளில், காயப்பட்டவரின் உடலில் இருந்து வடிந்த இரத்தத்தையே துணியில் வடிகட்டி அவருக்கே திரும்ப ஏற்றினார்கள். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் விளக்கு ஏற்றுகிறோம். அந்தக் கிழமையில் கையையும் நீட்டுவோமே.

செய்யவேண்டியது பெரிய காரியமில்லை. ஒன்ராறியோவில் 17 வயதிலிருந்து இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 56 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 84 நாளுக்கு ஒருமுறை. ஊருக்குப் போய்வந்தவர்கள் கொஞ்சக்காலம் பொறுக்கவேண்டி வரலாம், கேட்டுவிட்டுப் போங்கள். பிளாஸ்மாவை இன்னும் அடிக்கடி கொடுக்கலாம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் அதையே கொடுப்போம். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு இருந்த தடை 2022 செப்டம்பரில் நீங்கி, இப்போது எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான் கேட்கிறார்கள். முன்பு திருப்பி அனுப்பப்பட்ட தோழர்கள் மறுபடி போய்க் கேட்டுப் பாருங்கள்.

உறுப்புக்கொடைக்கு நோவா ஸ்கோஷியாவில் 2021 முதல், மறுப்புச் சொல்லாதவர் எல்லோரும் சம்மதித்தவர்களே. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. 16 வயது ஆனவர்கள் ஹெல்த் கார்ட் இலக்கத்தோடு தாங்களே பதியவேணும். ஐந்து நிமிச வேலை. கஷ்டமானது அதற்குப் பிறகு வருவது: அம்மா அப்பாவிடம் சொல்வது. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரி அவர்களிடம்தான் வந்து கதைக்கும். அப்போதுதான் முதல் தரம் கேள்விப்பட்டால், அழுதுகொண்டிருக்கிற தாய் வேண்டாம் என்றுதான் சொல்வாள். உடலைத் திருப்பித் தருவார்கள், முகம் பார்க்கலாம், கிரியை செய்யலாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள். நான் சொன்னபோது அம்மா "வாயைக் கழுவு" என்றா. இரண்டு கிழமை கழித்துத் தன்ர கார்டையும் எடுத்துக்கொண்டு வந்தா.

நாலரை வருசத்துக்குப் பிறகு ஒரு விடியப்புறம் மாமாவுக்குப் போன் வந்தது. சிறுநீரகம் தந்தவர் ஆர், எந்த ஊர், எந்த மொழி, ஒன்றும் எங்களுக்குச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் தந்தார், முகம் தெரியாத ஒரு குடும்பம் அழுதுகொண்டே சம்மதித்தது. காசு கைமாறவில்லை.

வாற சனிக்கிழமை நான் மூன்றாம் தரம் இரத்தம் கொடுக்கப் போறன். கூட வர விரும்பினால் இந்த மெயிலுக்குப் பதில் போடுங்கள். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கு.