ஃபார்மேட் பட்டனைத் தொடும் முன்பு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஹார்டு டிஸ்க் திறக்கவில்லை என்றால் அது செத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: "ஃபார்மேட் பண்ணிரலாம்." ஃபார்மேட் செய்தால் டிஸ்க் வேலை செய்யும், உள்ளே இருந்தது போய்விடும். டிஸ்க்கைக் கடையில் புதிதாக வாங்கலாம். உள்ளே இருப்பதை எங்கே போய் வாங்குவது?

போன மாதம் எங்கள் மதினி ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார்கள். மறைந்த என் அண்ணன் ஆடித்தபசு அன்று பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டு நடக்கும் வீடியோ அதில்தான் இருக்கிறது. அண்ணன் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒன்றில் மட்டும்தான். கடையில், "அவுட் ஆயிருச்சு, ஃபார்மேட் பண்ணித்தான் தரமுடியும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, மதினி சம்மதிக்கவில்லை.

என் வீட்டு லினக்ஸ் கணினியில் செருகியதும் அது காரணத்தை எழுத்திலேயே சொன்னது: டிஸ்க் முறையாக மூடப்படவில்லை, விண்டோஸை முழுவதுமாக ஷட் டவுன் செய்துவிட்டு வரவும், இப்போதைக்குப் படிக்க மட்டும் திறக்கிறேன். டிஸ்க் செத்திருந்தால் இப்படி ஒரு செய்தி வராது. எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். அதன் பிறகுதான் மூல டிஸ்க்கை விண்டோஸில் செருகி, செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்தோம்.

"ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் சித்தப்பா உருவினேன்" என்றான் அண்ணன் மகன். அவன் சொன்னது உண்மைதான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் டிஸ்க்கை உருவினால் அதன் கணக்குப் புத்தகம் பாதி எழுதியபடி நின்றுவிடும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். டிஸ்க்கை எடுக்கும் முன் 'எஜெக்ட்' கொடுங்கள்.

"விண்டோஸில் திறக்கிறது, லினக்ஸில்தான் திறக்கவில்லை. அப்படியென்றால் லினக்ஸ்தானே மோசம்?" என்று சிலர் கேட்கிறார்கள். என் கருத்து நேர்மாறானது. கணக்கு பாதியில் நிற்கும் டிஸ்க்கில் மேற்கொண்டு எழுதினால் உள்ளதும் கெடும். அதனால்தான் அது எழுத மறுக்கிறது. மறுப்பதோடு காரணத்தையும் சொல்கிறது. நாம்தான் அதைப் படிக்காமல் கடைக்கு ஓடுகிறோம்.

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் பலருக்குக் கிடைத்த கணினியில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. செங்கோட்டையைத் தாண்டிப் போனால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். அவர்களுக்கு முடிவது நமக்கும் முடியும்.

டிஸ்க் திறக்காவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. சில டிஸ்க்குகளுக்கு 500 போதாது. டெஸ்க்டாப்பாக இருந்தால் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள்.

இரண்டாவது, டெர்மினலைத் திறந்து ஆங்கிலச் சிறிய எழுத்தில் எல், எஸ், பி, எல், கே என்று சேர்த்து அடியுங்கள். டிஸ்க்கின் அளவு பட்டியலில் வந்தால் கணினிக்கு அது தெரிகிறது, உள்ளே திறப்பதில்தான் சிக்கல் என்று பொருள்.

மூன்றாவது, 'சுடோ' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்று அடியுங்கள். கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். 'ஐ/ஓ எரர்' என்று திரும்பத் திரும்ப வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். அது உண்மையிலேயே நோய்ப்பட்ட டிஸ்க். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அதை டேட்டா மீட்பு தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 'எக்ஸ்ஃபேட்' வகை டிஸ்க்கைத் திறக்கும் வசதி லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது 2019 நவம்பரில்தான். அதற்கு முந்தையது என்றால் தனியாக ஒரு மென்பொருள் நிறுவ வேண்டும். டிஸ்க் மேல் குற்றமில்லை.

இன்னொன்று, லினக்ஸில் தயாரித்த 'இஎக்ஸ்டி4' டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று கேட்கும். அதற்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான். 'கேன்சல்' கொடுங்கள்.

எந்த நிலையிலும் நகல் முதலில், பழுது பார்ப்பது பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். யூடியூபில் யாரோ சொன்னார் என்று கிடைத்த கட்டளையை எல்லாம் ஓட்டிப் பார்க்காதீர்கள். 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' என்று ஒன்றைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். அது சில சில்லறைப் பிழைகளைத்தான் திருத்தும், செக்டிஸ்க் செய்யும் முழு வேலையைச் செய்யாது.

அப்பா அம்மா குரல், கல்யாண ஆல்பம், பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். யாருக்காவது டிஸ்க் திறக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். "சார், ஓட மாட்டேங்குது" என்று மட்டும் எழுதாதீர்கள். திரையில் வந்த வரியைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.