நௌருவின் நிலத்தைத் தின்றது யார்?

சுற்றுச்சூழல் நெருக்கடியால் சமூகங்கள் சீரழிவதைப் பற்றி எழுதுவோர், அச்சமூகங்களின் பேராசையையே பெரும்பாலும் காரணமாகக் காட்டுவர். பசிபிக் சமுத்திரத்தில் 21 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட நௌருவும் அவ்வாறே சுட்டப்படுகின்றது. பொஸ்பேற்றை விற்றுத் தின்று தீர்த்த மக்கள் என்பது அவர்கள்மீது குத்தப்பட்ட முத்திரை. இது பாதி உண்மை.

அகழ்வைத் தொடங்கியவர்கள் நௌரு மக்கள் அல்லர். ஜேர்மனிய ஆட்சியில் ஆரம்பித்த சுரங்கம், முதலாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளின் கூட்டுடைமையாயிற்று. சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு அப்பசளை பிறர் வயல்களுக்குச் சென்றது. 1968இல் சுதந்திரம் கிடைத்தபோது தீவின் மூன்றிலொரு பங்கு ஏற்கனவே சுண்ணாம்புக்கல் முட்களாக நின்றது.

விளைவை ஆட்சியாளர் அறியாதவரல்லர். 1960களில் மக்கள் அனைவரையும் குயின்ஸ்லாந்துக் கரையோரத்துக் கேர்ட்டிஸ் தீவில் குடியேற்ற அவுஸ்திரேலியா முன்வந்தது. தம்மைத் தாமே ஆளும் உரிமை அங்கு கிடையாது என்பதால் நௌரு மக்கள் மறுத்தனர். அந்நிய மண்ணில் வாழும் எமக்கு அம்மறுப்பின் கனம் விளங்கும்.

சுதந்திரத்தின் பின்னரான தவறுகளை எவரும் மறைக்கமுடியாது. அகழ்வு நிற்கவில்லை. எதிர்காலத்துக்கெனச் சேர்த்த பெருநிதி விமான சேவை, மெல்பேணில் 52 மாடிக் கட்டடம், 1993இல் இலண்டனில் சில வாரங்களே ஓடிய இசை நாடகம் என்றெல்லாம் கரைந்தது. கட்டடம் 2004இல் கைமாறியது. சர்வதேச நீதிமன்றில் 1989இல் தொடுத்த வழக்கு, 1993இல் 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் இணக்கத்துடன் முடிந்தது. மேட்டுநிலம் பெருமளவில் அப்படியே கிடக்கின்றது.

இதே சமுத்திரத்தில், சொலமன் தீவுகளைச் சேர்ந்த டிக்கோப்பியா ஐந்து சதுர கிலோமீற்றர் அளவினதே. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாக மக்கள் வாழும் இடம் அது. தோட்டங்களைப் பாழாக்கிய பன்றிகளை, தம் விருப்ப உணவாயிருந்தும், சுமார் 1600ஆம் ஆண்டளவில் முற்றாகக் கைவிட்டனர். மீன்பிடிக்கும் கட்டுப்பாடு, பிள்ளைப்பேற்றுக்கும் கட்டுப்பாடு. அவற்றுட் சில மிகக் கொடியவை. ஆயினும் முடிவெடுத்தவரே அதன் பலனையும் சுமந்தனர். நௌருவில் முடிவு மெல்பேணிலும் இலண்டனிலும் எடுக்கப்பட்டது. பின்னர் முடிவெடுக்கும் உரிமை கைக்கு வந்தபோது, மாற்றுத் தொழில் ஏதும் எஞ்சியிருக்கவில்லை.

எனவேதான் 2001இல் அவுஸ்திரேலியாவின் தடுப்பு முகாமை அத்தீவு ஏற்றுக்கொண்டது. எம்மவர்களும் அங்கே அடைக்கப்பட்டனர்.

கடல் மட்டம் உயர்வதால் கரையோர மக்களை மேட்டுநிலத்துக்கு நகர்த்தும் திட்டமொன்று வகுக்கப்பட்டுள்ளது. அதற்கு முதலில் அம்முட்களை அகற்றியாக வேண்டும். பணத்துக்கு வழி? கனேடிய நிறுவனமொன்றின் துணை நிறுவனம் ஆழ்கடலைத் தோண்டுவதற்கு நௌரு அனுசரணை வழங்குகின்றது; விதிகளை இரண்டு ஆண்டுகளுள் வகுக்குமாறு சர்வதேசக் கடற்படுகை அதிகார சபையை 2021இல் கோரியதும் நௌருவே.