14 நாள் மாத்திரை சாப்பிட்டும் திரும்பி வரும் வயிற்றுக் கிருமி: தவறு யாருடையது?

‘கோர்ஸ் முடிச்சேன், எரிச்சல் போச்சு, ஆறு மாசத்துல மறுபடியும் வந்துடுச்சு.’ திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கோ பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்கோ வேலைக்கு ஓடும் ஒருவர் இப்படிச் சொன்னால், ‘காரத்தைக் குறைக்கலையா?’ என்றுதான் முதலில் கேட்போம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

எது இந்தக் கிருமி?

பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றுப்புண்ணுக்கு இது முக்கியக் காரணம் என்று காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணி என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. எனவே இதை ‘வெறும் கேஸ்’ என்று விட்டுவிட முடியாது.

ஏன் திரும்புகிறது?

இரண்டு வழிகள். ஒன்று, கிருமி முழுசா சாகாமல் மறுபடி பெருகுவது. சிகிச்சை முடிந்த முதல் வருடத்துக்குள் வந்தால் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, புதிதாகத் தொற்றுவது. ஒரே அறையில் பலர் வசிக்கும் வீடு, சுகாதாரக் குறைவு, பாதுகாப்பற்ற தண்ணீர் ஆகியவை இதற்கு வழிவிடுகின்றன.

கிருமி ஏன் சாகவில்லை?

அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் குறைந்தது இரண்டு ஆன்டிபயாடிக்குகளைப் பொதுவாக 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டல், வாய்க்கசப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். கழிப்பறை வசதியே இல்லாத வேலையிடத்தில் அதை எப்படிச் சமாளிப்பது? எரிச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவது இப்படித்தான் நடக்கிறது. மேலும், வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போட்ட மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளுக்கு இந்தியாவில் இந்தக் கிருமி பெருமளவு பழகிவிட்டது. கிளாரித்ரோமைசினுக்கும் அடங்காத வகையை 2017-ல் உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது.

விட்டுப்போகும் கடைசிப் படி

சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்து கிருமி போய்விட்டதா என உறுதி செய்ய வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பே அமில மாத்திரையை, டாக்டரிடம் கேட்டு, நிறுத்தணும். சாதாரண ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. குணமான பிறகும் அது ‘பாசிட்டிவ்’ காட்டலாம்.

வலியே இல்லாதபோது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் பரிசோதனைக்குப் போவார்? இதை நோயாளியின் அலட்சியம் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. அதே ஊழியர்கள் 14 நாள் மாத்திரை முடிந்ததா என்று விசாரித்து, மலப் பரிசோதனைக்கான மாதிரியையும் வீட்டிலேயே வாங்கிச் செல்லலாம். மிளகாயைக் குறைக்கச் சொல்வதைவிட, பாதுகாப்பான தண்ணீரும் இந்த ஒரு பரிசோதனையும்தான் கிருமி திரும்புவதைத் தடுக்கும்.