மரக்கறி மலிந்திருக்கும்போதே வீட்டுத்தோட்டம்

மரக்கறி விலை ஏறினால் எமது ஊர்களில் இரண்டு காரியங்கள் நடக்கும். சந்தையில் அரைக் கிலோ வாங்கியவர் கால் கிலோ கேட்பார். கடையில் விதைப் பைக்கட் கேட்பார். விலை இறங்கியதும் கால் கிலோ மறுபடியும் அரைக் கிலோவாகிவிடும், விதைப் பைக்கட் தட்டில் தூசு பிடிக்கும். நீண்ட காலம் கடையில் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: எம்மவர்கள் வீட்டுத்தோட்டம் தொடங்கும் காலமும் பிழை, கைவிடும் காலமும் பிழை. வியாபாரத்தில் சாமான் மலிந்திருக்கும்போது வாங்கி வைப்போம். வளவுக்கு வந்தால் அந்தப் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்திய வருடம் மே மாதம் 6ஆந் திகதி வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பர் கடைசியில் தடையை நீக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அதன் பிறகு டொலர் இல்லை, டீசல் இல்லை, தம்புள்ளையிலிருந்து லொறி வருவதும் நிச்சயமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா அளவில் எண்ணி வைக்க வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் அரசாங்கம் ஒரு யோசனை கண்டுபிடித்தது. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வீட்டிலிருந்து பயிர் செய்யட்டும் என்று அமைச்சரவை தீர்மானித்தது. வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ முடிந்து சோறும் தின்ற பிறகு எந்த உத்தியோகத்தர் மண்வெட்டி தூக்கப் போகிறார் என்று கடைவாசலில் சிரித்தோம். சிரிப்பை விட்டுவிட்டு யோசித்தால் அதில் ஒரு பெரிய ஓட்டை தெரியும். கொழும்புப் பக்கம் மே, ஜூன் மழைக்காலம். எங்களுக்கு அது கச்சான் காற்று அடிக்கும் காலம். காலையில் தண்ணீர் ஊற்றிய கன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தலையைத் தொங்கப்போடும். எங்களுக்கு மழை வருவது ஐப்பசியில். கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரே சுற்றுநிருபம் அனுப்பினால் கன்று யாருக்கு முளைக்கும்?

இது புதிய கதையுமல்ல. 1970களில் சிறிமாவோ அம்மையாரின் அரசாங்கம் கொச்சிக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் தலை நிமிர்ந்தார்கள். 1977இன் பின் கதவு திறந்ததும் விலை விழுந்தது, தோட்டமும் தளர்ந்தது. 2011இல் திவிநெகும வந்தது, வாழ்வின் எழுச்சி என்று தமிழ்ப் பெயரும் வைத்தார்கள். விதையும் கன்றும் கொடுத்தார்கள். கொடுப்பதில் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் ஒரே கத்தரி விதையைக் கொடுத்தால் எல்லோர் வளவிலும் ஒரே கிழமையில் காய் தொங்கும். அதே கிழமையில் களுதாவளைப் பக்கத்துத் தோட்டக்காரரின் காயும் கல்முனைச் சந்தைக்கு வந்து குவியும். அப்போது பையில் நாலு கிலோ கொண்டுவரும் பெண்ணுக்கு வியாபாரி என்ன விலை சொல்வார் என்பது எங்களுக்குத் தெரியாததா?

இனிக் கணக்குக்கு வருவோம். மரம் நட்டு அதில் பறவை தின்றாலும் தர்மம் என்று மௌலவிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது மேலான கணக்கு. நான் பேசுவது கொப்பியில் எழுதும் கணக்கு.

பத்துக் கத்தரிக் கன்று வைத்தால் விதை, மாட்டெரு, பை, வலை, தண்ணீர் மோட்டருக்கு கரண்ட் எல்லாம் செலவுதான். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கரண்ட் பில் ஏறிய ஏற்றத்தில் பலர் கன்றுக்குத் தண்ணீர் விடுவதையே நிறுத்தினார்கள். எங்கள் பகுதி மணல் மண், ஊற்றிய தண்ணீர் நிற்காது, பசளையும் நிற்காது. பூச்சி வரும், கொச்சியில் இலை சுருளும், பாகற்காயில் ஈ குத்திப் புழு வைக்கும். அடுத்த வீட்டுக் கோழி கிளறும். வேலி இல்லாத இடத்தில் கட்டாக்காலி மாடு ஒரே இரவில் கணக்கை முடித்துவிடும். (2025 மார்ச் 15ஆந் திகதி காலையில் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினார்கள். கட்டாக்காலி மாட்டையும் சேர்த்து எண்ணியிருந்தால் எங்கள் வீதிகளில் ஐந்து நிமிடம் போதாது.) இதற்கு மேல் வீட்டுப் பெண்களின் வேலை. காலையும் மாலையும் வாளி தூக்குவது அவர்கள். அதைச் சும்மா கிடைத்த கூலியாக வைத்துத்தான் ஆண்கள் இலாபம் என்கிறோம். கூலியையும் எழுதினால், சந்தை மலிந்த நாளில் வீட்டுக் கத்தரி கடைக் கத்தரியை விட விலை கூடியது. இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அப்படியானால் ஏன் வைக்க வேண்டும்? கடைக்காரர் நெருப்புக்காகக் காப்புறுதி கட்டுகிறார். கடை எரியாத வருடத்தில் அந்தப் பணம் நட்டம் என்று யாரும் அழுவதில்லை. தோட்டமும் அப்படித்தான். அது காசு தருவது நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் கெட்ட மாதங்களில். அந்த மாதம் வந்த பிறகு விதை போட்டால் கீரை மூன்று நாலு கிழமையில் வரும், வெண்டி ஒன்றரை மாதம், கத்தரியும் கொச்சியும் இரண்டரை மாதத்துக்கு மேல். அதற்குள் விலை இறங்கிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளை உடைத்தபோது, அன்று விதைத்தவருக்கு அந்தக் கிழமை என்ன கிடைத்திருக்கும்?

எதை வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. 2024 ஜனவரியில் கரட் கிலோ இரண்டாயிரம் ரூபாவைத் தாண்டியது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே பெரிய வெங்காயம் ஏறியது. இவை இரண்டும் நமது மணலுக்கும் வெயிலுக்கும் சரிவராதவை, அவற்றின் பின்னால் ஓட வேண்டாம். நட்டால் நின்று தருபவை வேறு. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, பின்வளவு ஈரத்தில் ரம்பை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, பழைய உரப்பையில் ஐந்தாறு கொச்சிக் கன்று. நோன்புக் கஞ்சிக் காலத்தில் ரம்பைக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு வீடு கொடுக்கும் காசை எழுதிப் பாருங்கள். சிறிது சிறிதாகப் போவதால் கண்ணில் படுவதில்லை. ஏழெட்டுப் பேர்ச் வளவில் வீடு கட்டி மிஞ்சிய இடத்துக்கு இவ்வளவும் போதும். மரத்துக்கு வேர் பிடித்துவிட்டால் கச்சானிலும் நிற்கும்.

நமது வியாபாரம் கெட்டுப்போகும் என்று சில கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். கறிவேப்பிலை விற்றுக் கடை கட்டியவர் எவரும் இல்லை. 2022இல் சிறு கடைகளை அமுக்கியது கடன் கொப்பி. வாடிக்கையாளர் அரிசிக்கும் சீனிக்கும் கொடுக்க வேண்டிய சல்லி மரக்கறிக்குப் போனது, எங்கள் பக்கம் நிலுவை ஏறியது. அந்த வீட்டில் கறிக்கு வளவில் ஏதாவது இருந்தால் எங்கள் கொப்பியும் கொஞ்சம் இலேசாகும். அதே போல, அயல் வீட்டார் மிஞ்சிய கீரைக்கட்டோ தேசிக்காயோ கொண்டுவந்தால் கையில் காசு கொடுங்கள். கடனில் கழிக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கிழமை அந்தப் பெண் கொண்டுவர மாட்டார், தண்ணீர் ஊற்றவும் மாட்டார். அது அவருடைய உழைப்பு, கடன் பெரும்பாலும் வீட்டுக்காரரின் பெயரில் இருப்பது.

விதை விற்பவர்கள் விலை ஏறும் வரை காத்திருக்காமல் செப்டெம்பர் முதல் கிழமையிலேயே எடுத்து வையுங்கள். அந்த மாத நடுவில் நாற்று போட்டால் மழை தொடங்கும்போது கன்று நடத் தயாராக இருக்கும். வயல் பக்கத்து வளவுக்காரரிடம் பைகளைக் கல்லின் மேல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள், 2024 நவம்பர் வெள்ளத்தில் நிலத்தோடு இருந்ததெல்லாம் அழுகியது. பைக்கட் எடுக்கும்போது பின்பக்கத்தில் காலாவதித் திகதியைப் பாருங்கள். போன வருடத்து மிச்சத்தை விற்று அது முளைக்காமல் போனால், அந்த வாடிக்கையாளர் விதைக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் வேறு கடைக்குப் போவார்.