காருக்குக் குளிர்காற்று: வாங்குமுன் யோசியுங்கள்!

கார் வைத்திருக்கும் இளைஞர்களில் சிலருக்கு ஒரு புது மோகம் பிடித்திருக்கிறது. கம்பெனியார் பொருத்திக் கொடுத்த காற்றுப் பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாய் ஒன்றையும், கூம்பு வடிவப் பில்டர் ஒன்றையும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று இதற்குப் பெயர். குளிர்காற்றுக் குழாய் என்று நாம் சொல்லலாம். “எஞ்சின் சக்தி கூடும், பெட்ரோல் மிச்சமாகும், சத்தமும் கம்பீரமாயிருக்கும்” என்பது வியாபாரிகளின் வாக்கு. இதில் எவ்வளவு வாஸ்தவம்? வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

தத்துவம் சரி, பலன் எவ்வளவு?

எஞ்சினும் நம்மைப்போல் சுவாசித்துத்தான் பிழைக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் சீராக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். 1,200 சி.சி. எஞ்சின் ஒன்று நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுழலும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், நிமிஷத்துக்குச் சுமார் 1,800 லிட்டர் காற்றை விழுங்குகிறது. காற்று சூடானால் விரியும். விரிந்தால் அதே அளவு இடத்தில் பிராணவாயு குறையும். 30 டிகிரி உஷ்ணமுள்ள வெளிக்காற்றுக்குப் பதிலாக, பானெட்டுக்குள் தேங்கிய 60 டிகிரி காற்றை எஞ்சின் இழுத்தால், நூற்றுக்கு ஒன்பது பங்கு காற்று நஷ்டம். ஆகவே, குளிர்ந்த காற்று நல்லது என்ற தத்துவத்தில் பிழையில்லை.

ஆனால், காரைத் தயாரித்தவர்களுக்கு இந்தத் தத்துவம் தெரியாதா, என்ன? இன்றைய கார்களில் பெரும்பாலானவை முன்புறக் கிரில்லை ஒட்டிய வாய் வழியாக வெளிக்காற்றையே இழுக்கின்றன. அப்படிப்பட்ட காரில் புதுக் குழாயால் கிடைக்கும் லாபம் சொற்பம். அதுவும் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் கிடைக்கும். நகரத்து நெரிசலில் ஓட்டும்போது காற்றின் வழியை அடைத்து நிற்பது பில்டர் அல்ல. பாதி மூடிய திராட்டில் தகடுதான். டர்போ வைத்த காரிலோ, அழுத்தப்பட்டுச் சூடாகும் காற்றை இன்டர்கூலர் மறுபடியும் குளிர்வித்துத்தான் உள்ளே அனுப்புகிறது.

பெட்ரோல் மிச்சம் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிறது. அதற்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும்! மிச்சம் எங்கிருந்து வரும்? கூடுவது நிச்சயமாகத் தெரிவது சத்தம் ஒன்றுதான். காது அதைக் கேட்டுவிட்டு, வேகம் கூடிவிட்டதாக மனத்தை ஏமாற்றுகிறது.

எதைப் பார்த்து வாங்குவது?

இவ்வளவையும் கேட்ட பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்பது. சில குழாய்கள் குட்டையானவை. பில்டர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்து நிற்கும். பெயர்தான் குளிர்காற்று, இழுப்பதோ வெந்த காற்று! மூடிய பெட்டிக்குள் பில்டரை வைத்து, வெளிக்காற்றுக்குத் தனி வழி விட்டவையே மேல்.

இரண்டாவது, பில்டர். காகிதம், எண்ணெய் தோய்த்த பருத்தி, உலர்ந்த செயற்கை இழை என மூன்று வகை உண்டு. காற்று தாராளமாகப் போவது மட்டும் பில்டரின் பெருமையல்ல. தூசியைத் தடுப்பதே அதன் முதல் தொழில். நம் ஊர்ப் புழுதி உள்ளே போனால் சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் தேயும். ஐ.எஸ்.ஓ. 5011 என்ற சர்வதேசச் சோதனை முறை இருக்கிறது. அதில் பெற்ற முடிவைக் காட்டும்படி கேளுங்கள். பருத்திப் பில்டரைக் கழுவி எண்ணெய் பூசும்போது அளவு மீறினால், அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, அந்த சென்சார் அமரும் இடம். அங்கே குழாயின் குறுக்களவு மாறினால் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கும் சரக்கைத் தொடவே வேண்டாம்.

மழை வந்தால்?

குளிர்காற்றைத் தேடிப் பம்பருக்குக் கீழே வாயை இறக்கி வைக்கும் குழாய்களும் உண்டு. மழை காணாத ஊரில் அது பொருந்தலாம். சென்னையிலே? 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் விட்டுச்சென்ற வெள்ளத்தையும் மறக்க முடியுமா? தண்ணீரைக் காற்றைப்போல் அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் போதிய தண்ணீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினையே பிரித்துப் போட வேண்டிவரும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழி, கால் வைக்கிறவனைக் காட்டிலும் இப்படிப்பட்ட கார்க்காரனுக்கு அதிகம் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது.

காற்றுக் குழாயைப் பற்றி ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரியும் இல்லையே என்று வாதிடுவோர் உண்டு. வாதம் ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளின்படி சோதிக்கப்பட்டது, கம்பெனியாரின் காற்றுப் பெட்டியோடு கூடிய எஞ்சின்தான். அதை மாற்றியவர், புகை மாறவில்லை என்பதற்கு எந்த அத்தாட்சியைக் காட்டுவார்?

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1943-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் திணற அடித்தது. 1967-ல் அங்கே காற்று வள வாரியம் ஏற்பட்டது. குழாய் தயாரிப்பவர், தம் சரக்கினால் புகை வரம்பு மீறாது என்று அந்த வாரியத்துக்குச் சோதனை மூலம் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், இன்னின்ன காருக்கு என்று குறித்து உத்தரவு எண் ஒன்று கிடைக்கும். எண் அச்சிட்ட சீட்டைப் பானெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளலாம். எண் இல்லாத குழாய் புகைச் சோதனையில் தேறாது. வாங்குகிறவருக்கும் சந்தேகமில்லை, பரிசோதகருக்கும் சச்சரவில்லை.

இங்கேயோ கடைகளில் விற்பனை நடக்கிறது. பொறுப்பு மட்டும் வாங்கியவர் தலையில் விழுகிறது. விற்பவனைச் சோதிக்காமல் வாங்கியவனை மட்டும் தண்டிப்பது நியாயமாகுமா? சோதித்துத் தேறிய சரக்குக்கு எண் கொடுத்து, தேறாததைக் கடைக்கே வராமல் தடுப்பதுதான் சர்க்கார் செய்ய வேண்டிய காரியம். ஊரார் சுவாசிக்கும் காற்றும் அதனால் காக்கப்படும்.

அதுவரையில் என்ன செய்வது? தவணை கட்டி முடியாத காரில் பரீட்சை நடத்தினால், பின்னால் எஞ்சின் கெடும்போது வாரண்டியிலும் இன்ஷியூரன்ஸிலும் ஆட்சேபம் கிளம்பலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். கம்பெனிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பில்டரைக் கெடு தவறாமல் மாற்றுங்கள். பெட்டியின் மூடியும் ரப்பரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரில் கார் நின்றுபோனால், மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.