மதிலுக்குள் வந்தவர் யார்?

மாண்புமிகு மத்திய சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டு, நோயாளியைப் பதிவு செய்வது முதல் இரத்தப் பரிசோதனை முடிவை வைத்தியரிடம் சேர்ப்பது வரை சகல காரியங்களும் நாட்கணக்கில் காகிதத்தில் நடைபெற நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதென்றும், வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே அதற்கு ஹேதுவென்றும் அரசாங்கமே பாராளுமன்றத்தில் கூறிற்று. எதிரி யார் என்பதைப் போலீஸார் விசாரிக்கட்டும். ஒரு வாசலில் நுழைந்தவன் அடுத்த அறைக்கும் எப்படிப் போனான் என்பதற்கு நிர்வாகமே விடை சொல்லியாக வேண்டும்.

மதிலுக்கு வெளியே நிற்பவன் அந்நியன், உள்ளே வந்துவிட்டவன் நம்மவன் என்ற கோட்டை காலத்துப் புத்தியே நம் ஸ்தாபனங்களை இன்னமும் ஆள்கிறது. 2010இல் ஜான் கிண்டர்வாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த அநுமானத்தையே நிராகரித்து 'ஜீரோ டிரஸ்ட்' என்ற கொள்கையை வகுத்தார். கேட்பவர் யார், அவர் கையிலுள்ள கருவி எத்தகையது, அவர் பணிக்கு இந்தத் தரவு அவசியந்தானா என்று ஒவ்வொரு தடவையும் சோதித்து, வேண்டிய அளவுக்கு மேல் திறந்துவிடாமல் இருப்பதே அதன் சாரம். 2022 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் மத்திய இலாகாக்களை இம்முறைக்கு மாறும்படி பணித்தது.

உயிர் ஊசலாடும் இடத்தில் இத்தனை சோதனை நடவாது என்ற ஆட்சேபத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. வார்டுக் கணினியைப் பத்துப் பேர் ஒரே கடவுச்சொல்லால் திறக்கிறார்களென்றால், ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய நர்ஸுகளுக்கு அவகாசமில்லை என்று அர்த்தம். ஆகவே, அட்டையைத் தொட்டதும் திறக்கும் ஏற்பாட்டை முதலில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பொதுக் கடவுச்சொல்லை ஒழிப்பதே கிரமம். அவசர சிகிச்சையில் வைத்தியர் எவருடைய குறிப்பையும் உடனே பார்க்கலாம், பார்த்தது பதிவாகிப் பின்னர் பரிசீலிக்கப்படும் என்ற விதிவிலக்கும் இம்முறைக்கு விரோதமாகாது. (ஊழியர்களை அவமதிக்கும் ஏற்பாடு இது என்பாரும் உளர், அவர்கள் பெயரைத் திருடிக்கொண்டு ஒருவன் வருவதைவிட அது பெரிய அவமானமா?)

மெய்யான சிரமம் இயந்திரங்களில் இருக்கிறது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஸ்கேன் இயந்திரம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கையிலேயே, அதனுள் இருக்கும் விண்டோஸுக்குத் திருத்தங்கள் வருவது நின்றுவிடுகிறது. அத்தகையவற்றைத் தனிப் பிரிவில் ஒதுக்கி, படங்களைச் சேமிக்கும் சர்வரோடு மாத்திரம் தொடர்புகொள்ள விட வேண்டும். பழுது பார்க்கும் கம்பெனியார் தொலைவிலிருந்து நுழையும் கணக்கு, வேலை முடிந்த அன்றே மூடப்பட வேண்டும். இவ்விரண்டையும் இனி வெளியாகும் கொள்முதல் டெண்டர்களிலேயே நிபந்தனையாகச் சேர்க்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு குடிமகன்